வேட்டியில் ஒரு டெஸ்ட் ரைடு

சும்மா உட்காரத் தெரியாத மனிதனைக் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. என் மனைவி ஷைனி இதைக் கல்யாணமான மறுமாதமே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் வேறு மனிதன் கைவசம் இல்லாததால் என்னையே கூட்டிக்கொண்டு போகிறாள்.

எனக்கு வேலை பாறசாலையில், கட்டட பிளான் வரைந்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில். நாள் முழுவதும் உட்கார்ந்து மற்றவர்களின் வீடுகளுக்குக் கோடு போட வேண்டும். கை கோடு போடும்போது கால் மேஜைக்குக் கீழே தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து மேஜைக்காரர் தன் சாயாவைக் கையிலேயே வைத்துக் குடிப்பார். மேஜையில் வைத்தால் என் கால் ஆட்டத்தில் பாதி சிந்திவிடும்.

இப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற சைக்கிள் கூட்டத்தைப் பார்த்துத் தொலைத்தேன். விரல் தடிமனில் டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் சட்டைகள். சத்தமே இல்லாமல் வந்து, சர்ரென்று போய்விட்டார்கள். நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றேன். (பால் திரியவில்லை. நான்தான் திரிந்து போனேன்.) அன்று முதல் தூக்கம் இல்லை.

அதற்குப் பெயர் ரோடு பைக் என்று வீட்டில் விளக்கியபோது என் மாமி, ஷைனியின் அம்மா, நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லா பைக்கும் ரோட்டுலதானே மக்கா ஓடும்? வேற குளத்துலயா ஓடும்?"

அதற்குப் பதில் தேடிக் கடை கடையாகப் போக ஆரம்பித்தேன். ரோடு பைக்கை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று கண்ட வீடியோவிலெல்லாம் சொல்லியிருந்தார்கள். அந்த அறிவுரையின் பின்பாதியை நான் கவனிக்கவில்லை. ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். நாகர்கோவிலில் ஒன்றை ஓட்டினேன், சீட்டு குத்தியது. மார்த்தாண்டத்தில் ஒன்று, பிரேக் கிறீச்சிட்டது. திருவனந்தபுரத்தில் ஓட்டியதில் எந்தக் குறையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன். மார்த்தாண்டத்துக் கடைக்காரர் மறுபடி என்னைக் கண்டதும் பாதி ஷட்டரை இறக்கினார். சாப்பாட்டு நேரமாம். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

இந்த நிலையில்தான் ஷைனியின் தம்பி ஷிபினுக்குக் கல்யாண நிச்சயம் வந்தது.

பெண் அஜிதா, காஞ்சிரங்குளத்துக்காரி, கால்நடை மருத்துவர். நல்ல பெண், நல்ல குடும்பம். ஒரே சிக்கல் பெண்ணின் மாமா. ஓய்வு பெற்ற போலீஸ்காரர். பெண் பார்க்கப் போன அன்றே ஷிபினிடம் "முந்தின வேலையை எதுக்கு விட்டீர்?" என்று அவர் கேட்ட தோரணையில், அவன் செய்யாத குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொள்ளத் தயாராகிவிட்டான். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருப்பதாக எங்களுக்கெல்லாம் ஒரு பயம்.

ஷிபினுக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் அத்தானாகிய நான் நிற்க வேண்டும், நான்தான் மோதிரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். "பேன்ட் போட்டுக்கிட்டு நிக்காதீங்க மக்கா. வேட்டி உடுத்து, கெம்பீரமா நிக்கணும்."

எனக்கும் வேட்டிக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. நடந்தால் அவிழும், உட்கார்ந்தால் விலகும். அதனால் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி ஒன்றை ஷைனி வாங்கி வந்தாள். அதில் பக்கவாட்டில் ஒரு பாக்கெட்டும் உண்டு. பெல்ட் மாதிரி சுற்றி ஒட்டினால் போதும். கண்ணாடியில் பார்த்தபோது, எங்கள் ஊர்க் காரோடு பஞ்சாயத்துக்கே நான்தான் தலைவர் என்று தோன்றியது.

நிச்சயத்தன்று காலையில் எங்களுக்கு ஒரு வேலைதான் இருந்தது. நெய்யாற்றின்கரை நகைக்கடையில் அளவு சரிசெய்யக் கொடுத்திருந்த மோதிரத்தை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் நேராகக் காஞ்சிரங்குளம் சர்ச் ஹாலுக்குப் போக வேண்டும். மோதிரத்தை வாங்கினோம். சின்னச் சிவப்புப் பெட்டி. அதை வேட்டிப் பாக்கெட்டில் வைத்தேன். அந்தப் பாக்கெட்டில் வேறு எதற்கும் இடமில்லை என்பதால் என் போனை ஷைனியின் பைக்குள் போட்டேன். ஸ்கூட்டர் சாவி என் சட்டைப் பையில். இதுவரைக்கும் உலகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நகைக்கடைக்கு நான்கு கடை தள்ளிப் புதிதாக ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தார்கள். கண்ணாடிக்குள் வெள்ளையும் நீலமுமாய் ஒரு ரோடு பைக், என் உயரத்துக்கு அளந்து செய்த மாதிரி, என்னைப் பார்த்தபடி நின்றது.

"அஞ்சு நிமிசம்," என்றேன்.

"உங்க அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியாதாக்கும்," என்றாள் ஷைனி. "பதினொண்ணுக்கு அங்க நிக்கணும். அந்த மாமா வாசல்லயே வாச்சைப் பாத்துட்டு நிப்பாரு."

"பாத்துட்டு வாறேன். தொடக்கூட மாட்டேன்."

தொட்டேன். இரண்டு விரலால் தூக்கினேன். பூனைக்குட்டி மாதிரி தூக்க வந்தது. கடைக்காரர் சுரேந்திரன் சேட்டன் எழுந்து வந்தார். நெற்றியில் சந்தனக்குறி, முகத்தில் புதுக்கடைக்காரரின் நம்பிக்கை. (பாவம், மார்த்தாண்டத்துக்காரரிடம் விசாரிக்காமல் விட்டார்.)

"ஓட்டி நோக்கணோ சாரே?"

நான் ஷைனியைப் பார்த்தேன். ஷைனி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இந்தத் தெருவை ஒரு சுத்து. அவ்வளவுதான்."

"வேட்டியோடயா?"

"மடிச்சுக் கட்டிக்கிடுவேன்."

சுரேந்திரன் சேட்டன் சங்கடமாகச் சிரித்து, வேட்டியைக் காட்டி வேண்டாமென்று கையாட்டினார். "முண்டு உடுத்து இது ஓட்டண்டா சாரே. செயின் உண்டு. பின்னே, ஐடி வேணம். ஒறிஜினல் ஐடி இல்லாதெ வண்டி வெளியில விடில்லா."

என் அடையாள அட்டைகளெல்லாம் பர்ஸில் இருந்தன. பர்ஸ் வீட்டில், நான் போடாமல் விட்ட பேன்டில் இருந்தது. அந்த நொடியில் ஒரு நல்ல மனிதன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பான். நான் என்ன சொன்னேன் என்பதை இன்றைக்கும் ஷைனி என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாள்.

"இவ இங்க இருப்பா சேட்டா. இவளை விட ஒறிஜினல் ஏது?"

சுரேந்திரன் சேட்டன் பட்டுப்புடவையில் நிற்கும் ஷைனியை மேலும் கீழும் பார்த்து, கைவளையல்களைப் பார்த்து, "மதி. சேச்சி இவிடெ இரிக்கட்டெ," என்று சம்மதித்து, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஷைனி வாயைத் திறப்பதற்குள் நான் தெருவில் இருந்தேன்.

அந்த சைக்கிளைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். ஒரு மிதி மிதித்தால் மூன்று மிதிக்கு ஓடியது. தெரு முனையில் திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் முனை வந்தபோது கால் நிற்கவில்லை. சரி, பாலம் வரை போகலாம். அமரவிளைப் பாலம் வந்தது. ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. மேஜைக்கு அடியில் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருந்த கால்களுக்கு முதல் முறையாக ஒரு பாதை கிடைத்திருந்தது. பாலத்தோடு எப்படி நிறுத்துவது? ஹைவேயில் லாரிகள் ஹாரன் அடித்து விரட்டின. உதியன்குளங்கரையில் வலது பக்கம் திரும்பி, குளத்தூர் போகிற ரோட்டில் இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், நடுவில் புதிதாகத் தார் போட்ட இறக்கம்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டேன். அந்த சைக்கிளில் பிரேக்கும் கியரும் ஒரே பிடியில்தான் இருக்கும். உள்பக்கமாக இழுத்தால் பிரேக், பக்கவாட்டில் தள்ளினால் கியர். நான் தள்ளினேன். டக்கென்று சத்தம் வந்து, சைக்கிள் இன்னும் வேகம் எடுத்தது. பதறி மறுபடி தள்ளினேன். அது இன்னும் சந்தோஷமாகப் போனது. இதற்குள் மடித்துக் கட்டிய வேட்டி காற்றில் அவிழ்ந்து, பாய்மரம் மாதிரி விரிந்தது. பிறகு அதன் ஓரம் மெல்ல வலது பக்கம் தாழ்ந்து, செயினைத் தொட்டது.

செயின் அதை உடனே ஏற்றுக்கொண்டது.

யாரோ கீழிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் யாருமில்லை. என் காலே பெடலைச் சுற்றச் சுற்ற, பல்சக்கரம் வேட்டியைத் தின்றுகொண்டிருந்தது. காலை நிறுத்துவதற்குள் இடுப்பில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒட்டுப் பட்டை தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டது. வேட்டி முழுவதும் உருண்டு பின்சக்கரத்தில் அடைத்தது. சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

விழுந்த இடம் மெத்தென்று இல்லாவிட்டாலும் தாரை விட நன்றாகத்தான் இருந்தது. ரோட்டோரமாகத் தார்ப்பாயில் காயப் போட்டிருந்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு வத்தல். வெள்ளை வெள்ளைத் துண்டுகள் நாலாபக்கமும் பறந்து, என் தலையிலும் விழுந்தன.

"எலே! ஆருலே அது என் கிழங்குல கெடக்கியது?"

எதிர்வீட்டிலிருந்து ஓர் அக்கா கையில் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்தார். பெயர் தங்கம்மை என்று பிறகு தெரிந்தது. நான் அவசரமாக எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் என் இடுப்புக்குக் கீழே இருந்த ஒரே ஆடை, மஞ்சள் வாத்துகள் நீந்தும் அரைக்கால் சட்டை என்பது நினைவு வந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, ஒரு போன் தருவீங்களா?"

"முதல்ல கிழங்கைப் பெறக்கு."

"நிச்சயத்துக்குப் போகணும் அக்கா. மாப்பிள்ளைக்கு அத்தான் நான்."

அவர் வாத்துகளை ஒரு முறை பார்த்தார். "இந்தக் கோலத்துலயா?"

பொறுக்கினேன். குனிந்து குனிந்து, மணல் தட்டி, ஒவ்வொரு துண்டாகத் தார்ப்பாயில் திரும்பப் பரப்பினேன். பதினொன்று அடிக்கப் போகிறது, அங்கே அந்த மாமா வாசலில் வாச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார், கடையில் ஷைனி ஸ்டூலில், மோதிரம் செயினில். கை பொறுக்கியது, மனம் மூன்று ஊரில் ஓடியது. கடைசியில் தங்கம்மை அக்கா மனமிரங்கி போனை நீட்டினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பர்தான் மனப்பாடம். என்னுடையது. அதையே அழுத்தினேன். நல்லவேளை, அது ஷைனியின் பைக்குள் இருந்தது.

"ஹலோ, ஆரு?"

"நான்தான்."

"எங்க இருக்கீய?"

"குளத்தூர் பக்கம்."

"மோதிரம் எங்க?"

"வேட்டிக்குள்ள உண்டு."

"வேட்டி?"

"செயினுக்குள்ள உண்டு."

பின்னணியில் கார் ஓடும் சத்தம்.

"நீ எங்க இருக்க ஷைனி? கடையிலயா?"

"கடையில எவ்வளவு நேரம் இருக்கியது? சேட்டனுக்கு என் மேலயே சந்தேகம் வந்துட்டு. புருசன் வண்டியைக் கொண்டு போறதும் பெண்டாட்டி உக்காந்துக்கிடுததும் ஏதோ புதுக் களவுன்னு நெனச்சுட்டாரு. நான் தம்பிக்க நிச்சயம்னு அழுதேன். சரி, காருல கொண்டு விடுதேன், ஆனா வண்டி கிட்டுத வரைக்கும் சேச்சியை விட்டு மாற மாட்டேன்னு சொல்லிட்டாரு. இப்போ ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போறோம். நீங்க வீட்டுக்குப் போவாதீங்க, எங்கயும் போவாதீங்க. சைக்கிளோட வந்து என்னை மீட்டுக்கிடுங்க."

போன் கட்டாகிவிட்டது.

தங்கம்மை அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்திலிருந்த கோபம் போய், ஒரு நல்ல கதை கிடைத்த சந்தோஷம் வந்திருந்தது. வெட்டுக்கத்தியால் வேட்டியை வெட்டி மோதிரத்தை எடுத்துவிடலாம் என்று சைக்கிளை நோக்கி நடந்தார். மோதிரத்தோடு சைக்கிளும் இரண்டாகிவிடும் என்று பயந்து, இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்.

"அப்போ என் புருசனுக்க வண்டியில போ," என்றவர், உள்ளே பார்த்து, "தாசா, வாழைக்குலையை ஒதுக்கு. இந்த ஆளு காஞ்சிரங்குளம் போணும். ஒரு லுங்கியும் எடு," என்றார்.

தாசன் அண்ணனின் பெட்டி ஆட்டோவில், ஏத்தன் வாழைக்குலைகளுக்கு நடுவே, சைக்கிளைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, பச்சைக் கட்டம் போட்ட லுங்கியில் நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழியிலும் வாழைக்குலை வந்து விலாவில் இடித்தது. வழி நெடுக, அந்த மாமா கேட்கப் போகும் கேள்விகளுக்குப் பதில் தயாரித்தேன். எந்தப் பதிலும் நன்றாக இல்லை.

ஹால் வாசலில் ஆட்டோ நின்றபோது பாட்டு முடிந்து, ஜெபமும் முடிந்து, எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். முதல் வரிசையில் மாமி கண்ணை மூடி, தனியாக இன்னொரு ஜெபம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஷைனி. ஷைனிக்குப் பக்கத்தில், உறவினர் போல, கையில் வரவேற்பு சர்பத் டம்ளரோடு சுரேந்திரன் சேட்டன்.

முதலில் என்னைக் கண்டது அவர்தான். இல்லை, என்னைக் காணவில்லை.

"என்றெ வண்டி!" என்று எழுந்து ஓடிவந்தார்.

ஹால் மொத்தமும் திரும்பியது. லுங்கி, நெஞ்சில் கிரீஸ், தலையில் மரச்சீனி வத்தல், தோளில் சைக்கிள். ஷிபின் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். பெண்ணின் மாமா மெதுவாக எழுந்து வந்து, என்னை ஒரு முறை சுற்றி நடந்தார்.

"மாப்பிள்ளைக்க அத்தான் நீருதானா?"

"ஆமா."

"மோதிரம்?"

நான் பின்சக்கரத்தைக் காட்டினேன்.

அடுத்து நடந்ததை அந்த சர்ச்சில் யாரும் மறக்கவில்லை. சைக்கிளை ஹாலின் நடுவில் தலைகீழாக நிறுத்தினார்கள். சுரேந்திரன் சேட்டன் சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சாரே, பெடல் புறகோட்டு திரிக்கு," என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பக்கத்தில் நின்றவர் பெண்ணின் மாமா. உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால், ஓய்வு பெற்ற பிறகும் போலீஸ்காரருக்குக் கை தானாக வேலை செய்யும் போல. குந்தி உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினார். பாஸ்டர் மொபைல் டார்ச்சை அடித்துப் பிடித்தார். மாமா சுற்றச் சுற்ற, பல்சக்கரத்திலிருந்து வேட்டி முழம் முழமாகக் கறுப்பாக வெளியே வந்தது. ஒரு கட்டத்தில் மாமா முழு ஆர்வத்தோடு, "நில்லும், நில்லும், இங்க ஒண்ணு தட்டுப்படுது!" என்று கத்தினார். களவு போன பொருளைக் கண்டுபிடித்த பழைய சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது.

சிவப்புப் பெட்டி அப்பளமாக நசுங்கியிருந்தது. உள்ளே மோதிரம் இருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது.

மாமா அதை என் உள்ளங்கையில் வைத்தார். எழுந்து, அந்த வேட்டியிலேயே கையைத் துடைத்தார். பழைய முகம் திரும்பிவிட்டது.

"இதை நேராக்கிட்டு வேற ஒரு நாள் வச்சுக்கிடலாம். என்ன சொல்லுதீய?"

வேற ஒரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஷிபின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. என் கால்கூட ஆடாமல் நின்றது அந்த ஒரு நிமிடம்தான். அவன் அப்பா இடத்தில் நிற்க வந்தவன், அவன் கல்யாணத்தையே செயினில் கொடுத்துவிட்டேன்.

அப்போது மேடையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று நினைத்தேன். மணப்பெண் அஜிதா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்தாளோ, கண்ணில் மையெல்லாம் கரைந்திருந்தது. இறங்கி வந்து, கிரீஸ் படிந்த மோதிரத்தை என் உள்ளங்கையிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, என் விரலும் உருண்டையா ஒண்ணும் இல்ல," என்றாள். "உள்ள போனா போதும்." பிறகு ஷிபினிடம் நீட்டி, "இடுங்க. அத்தானுக்கு இன்னும் ஏதாவது தோணுததுக்கு முன்ன இடுங்க," என்றாள். ஷிபின் உடனே போட்டான்.

சுரேந்திரன் சேட்டன்தான் முதலில் கைதட்டினார். சாப்பாட்டுக்கும் இருந்தார். மாமாவுக்கும் அவருக்கும் அன்று முதல் பெரிய சிநேகம். பாயசம் முடிந்து கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து, கடைக்காரரின் மரியாதையோடு கேட்டார்: "வண்டி எங்ஙன உண்டு சாரே? இஷ்டப்பட்டோ?"

பழக்க தோஷம். "நல்ல வண்டிதான். சீட்டு மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். ஷைனி திரும்பிப் பார்த்தாள். வாங்கிவிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் அதில் போகிறேன், பேன்ட் போட்டுக்கொண்டு. குளத்தூர் இறக்கத்தில் தங்கம்மை அக்கா என் தலையைக் கண்டதும் வத்தல் தார்ப்பாயை முற்றத்துக்குள் இழுத்துவிடுவார். அஜிதாவின் மோதிரத்தைத் தட்டானிடம் கொடுத்து வட்டமாக்கித் தருகிறேன் என்று பல முறை சொல்லிப் பார்த்தேன். முட்டையாக இருப்பதால்தான் மாட்டுக்கு ஊசி போடும்போது விரலில் சுற்றாமல் நிற்கிறது என்று கழற்ற மறுத்துவிட்டாள்.

ஷைனி அன்று நடந்ததைப் பற்றி என்னைத் திட்டியதே இல்லை. அவள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறாள். போன மாதம் மூக்குக்கண்ணாடி வாங்கப் போயிருந்தோம். ஒரு பிரேமை எடுத்து மாட்டினேன். கடைக்காரர், "வெளிய வெளிச்சத்துல போய்ப் பாருங்க சார், நல்லாத் தெரியும்," என்றார். நான் வாசலை நோக்கி ஓரடி வைத்தேன்.

ஷைனி நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, அவரிடம் அக்கறையாகக் கேட்டாள்.

"சேட்டா, உங்களுக்குக் காரு உண்டா?"

"உண்டு சேச்சி. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல," என்றாள். "அவரு போயிட்டு வரட்டு."